கிஃப்ரேயின் தகப்பன் யார்? ஒரு கட்டலான் கோமகக் குடும்பத்தின் வேர் தேடிய எட்டு நூற்றாண்டுகள்

பார்சலோனாவை 878 முதல் 1410 வரை ஒரே ஆண்வழிக் குடும்பம் ஆண்டது. 12-ஆம் நூற்றாண்டில் அரகோன் நாட்டு முடியும் அதன் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் முதல் ஆள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பெயர் கிஃப்ரே. 'எல் பெலோஸ்', அதாவது ரோமம் அடர்ந்தவர், என்பது அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவர் எங்கே ஆண்டார், எந்த மடங்களைக் கட்டினார், யாரோடு போரிட்டு இறந்தார் என்பவற்றில் பெரிய சண்டை இல்லை. அவருடைய தகப்பன் யார், பாட்டன் யார், மனைவி எந்த வீட்டுப் பெண் என்ற கேள்விகளில்தான் சண்டை. 12-ஆம் நூற்றாண்டின் துறவிகள் ஒரு விடை சொன்னார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அதைத் தள்ளினார்கள். 20-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் ஒரு தலைமுறை மேலே போய் மீண்டும் பிரிந்து நின்றார்கள்.

இந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய பாட்டனை கிஃப்ரேயின் வீட்டில் தேடியிருக்கிறது. எந்த விடைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

பதவியும் காலமும்

'கோமகன்' என்று இங்கே சொல்வது 'கோமெஸ்' என்ற லத்தீன் பதவியை. பிராங்க் பேரரசர்கள் ஒரு பகுதிக்கு நியமித்த ஆளுநர், நீதிபதி, படைத்தலைவர் மூவரும் சேர்ந்த ஆள் அவர். அந்தப் பதவி முதலில் பரம்பரைச் சொத்து அல்ல. அரசர் கொடுப்பார், அரசரே எடுப்பார்.

கிஃப்ரேக்கு 870-இல் பைரனீஸ் மலைப்பகுதியின் உர்ஜெல், செர்தான்யா கோமகப் பகுதிகள் கிடைத்தன. 878-இல் துருவா நகரில் நடந்த சபையில், கலகம் செய்த பெர்னார்டு என்ற பெரும் பிரபுவின் பதவிகளை அரசர் திக்குவாய் லூயி பறித்துப் பங்கிட்டபோது பார்சலோனாவும் ஜிரோனாவும் கிஃப்ரேக்கு வந்தன. தம்பிமார் மீரோவுக்கும் ரதுல்ஃபுக்கும் முறையே ரூசியோனும் பெசாலுவும் போய்ச் சேர்ந்தன. 879-ஐ ஒட்டி, பாழ்பட்டுக் கிடந்ததாகச் சொல்லப்படும் ஓசோனா சமவெளியில் கிஃப்ரே குடியேற்றத்தைத் தொடங்கினார். விக் நகரின் ஆயர் பீடம் மீண்டும் எழுந்தது. ரிபோலில் ஆண்களுக்கு ஒரு மடம், பக்கத்துப் பள்ளத்தாக்கில் சந்த் ஜுவானில் பெண்களுக்கு ஒரு மடம் என இரண்டை நிறுவினார். 897-இல் லெரிதாவை ஆண்ட பனு காசி குலத்தின் லுப் இப்னு முகம்மதுவோடு நடந்த போரில் பட்ட காயத்தால் இறந்து ரிபோலில் புதைக்கப்பட்டார். இதுவரை தகராறு இல்லை.

ரிபோல் துறவிகள் எழுதிய தகப்பன்

முதல் விடை ரிபோல் மடத்திலிருந்து வந்தது. 'கெஸ்தா கோமித்தும் பார்சினோனென்சியும்', அதாவது 'பார்சலோனா கோமகர்களின் செயல்கள்', என்ற லத்தீன் வரலாற்றின் முதல் வடிவத்தை அங்கிருந்த துறவிகள் 1162-க்கும் 1184-க்கும் இடையில் எழுதினார்கள். கிஃப்ரே இறந்து அப்போது ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்படி கிஃப்ரேயின் தகப்பன் பெயரும் கிஃப்ரேதான். கொன்ஃப்ளெண்ட் பகுதியில் தெத் ஆற்றங்கரையின் அர்ரியா, இன்றைய ரியா, என்ற ஊர்க்காரர். பிராங்க் அரசர் அவருக்குப் பார்சலோனாவைத் தந்தார். அரசரின் தூதர்களைச் சந்திக்க மகனையும் கூட்டிக்கொண்டு நார்போனுக்குப் போனபோது ஒரு பிராங்க் வீரன் அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். தாடியில் கை வைப்பது அந்தக் காலத்தில் பொறுக்க முடியாத அவமானம்; அவர் வாளை உருவி அவனை அங்கேயே வெட்டினார். கைதியாக அரசரிடம் கொண்டுபோகும் வழியில், லெ புய் அருகே, பழிக்குப் பழி வாங்க முயன்று கொல்லப்பட்டார். பார்சலோனா சாலமோன் என்பவர் கைக்குப் போனது. சிறுவன் கிஃப்ரே ஃபிளாண்டர்ஸ் கோமகன் வீட்டில் வளர்ந்தான், அந்த வீட்டுப் பெண்ணோடு காதல், அவள் கருவுற்றாள். விஷயத்தைப் புரிந்துகொண்ட பெண்ணின் தாய், கோமகன் ஆனதும் மகளை மணந்துகொள்வதாக அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஏழை வேடத்தில் ஊருக்கு அனுப்பினாள். பார்சலோனாவில் பெற்ற தாய் மகனை அடையாளம் கண்டாள். எப்படி? மற்றவர்களுக்கு ரோமம் முளைக்காத ஓர் இடத்தில் அவனுக்கு முளைத்திருந்தது. எந்த இடம் என்று துறவிகள் சொல்லவில்லை. பிற்காலத்தவர் உள்ளங்காலைச் சொல்லிச் சமாளித்தார்கள். பிறகு கிஃப்ரே சாலமோனைத் தன் கையால் கொன்று தகப்பன் பதவியை மீட்டான். முஸ்லிம் படைகள் தாக்கியபோது அரசரால் உதவி அனுப்ப முடியவில்லை. 'நீயே விரட்டிவிட்டால் நாடு உனக்கும் உன் வாரிசுகளுக்கும்' என்று வாக்களித்தார். கிஃப்ரே விரட்டினார்.

கதை சொன்ன விதம் அழகு. தகப்பன் மானத்துக்காக இறக்கிறான், மகன் பழிவாங்குகிறான், பதவி வாளால் ஈட்டிய உரிமை ஆகிறது. 1137-இல் பார்சலோனா கோமகன் நான்காம் ராமோன் பெரெங்கேருக்கு அரகோன் வாரிசு பெத்ரோனிலா நிச்சயிக்கப்பட்ட பிறகு, அந்த வம்சம் அரசர்களுக்குச் சமமாக நின்றது. ஆனாலும் சட்டப்படி அது பிரெஞ்சு அரசரின் ஆள்தான். 1180 வரை கட்டலான் பட்டயங்களில் தேதி எழுதியதே பிரெஞ்சு அரசர்களின் ஆட்சியாண்டை வைத்து. அப்படியொரு நேரத்தில் 'இந்த நாட்டை எங்களுக்கு யாரும் பிச்சை போடவில்லை' என்று சொல்லும் ஒரு தோற்றக் கதைக்குத் தேவை இருந்தது. மடத்துக்கும் சொந்தக் காரணம் உண்டு. வம்சத்தின் கல்லறைகள் ரிபோலில் இருந்தன. 1162-இல் இறந்த நான்காம் ராமோன் பெரெங்கேரும் அங்கேதான் புதைக்கப்பட்டார். ஆனால் 1196-இல் இறந்த அவர் மகன் அல்ஃபோன்ஸோ பொப்லெட் மடத்தைத் தேர்ந்தெடுத்தார். கோமகர்களின் தொடக்கம் தங்கள் சுவருக்குள் உறங்குகிறது என்று நினைவூட்டுவதில் ரிபோல் துறவிகளுக்கு அக்கறை இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

முழுக்கப் பொய்யா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. சாலமோன் உண்மையாகவே இருந்தவர். புனித வின்சென்டின் திருப்பண்டங்கள் பிரான்சுக்குப் போன கதையை எழுதிய ஐமோயின் என்ற துறவி, சராகோசாவில் அவற்றை மீட்க உதவிய செர்தான்யா கோமகன் சாலமோனைப் பற்றிச் சொல்கிறார். 870-இல் கிஃப்ரே வந்து அமர்ந்தது அவர் ஆண்ட இடத்தில்தான். ஆனால் சாலமோன் பார்சலோனாவை ஆண்டதாகவோ, கிஃப்ரே அவரைக் கொன்றதாகவோ அக்காலச் சான்று இல்லை. துறவிகளிடம் ஒரு பழைய நினைவு இருந்தது. ஊரையும் பேரையும் அவர்கள் மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

எல்லைக்கோடு கேட்ட கேள்வி

அடுத்த திருப்பம் போர் முடிவிலிருந்து வந்தது. 1659-இல் பைரனீஸ் உடன்படிக்கை ரூசியோனையும் செர்தான்யாவின் ஒரு பாதியையும் பிரான்சுக்குக் கொடுத்தது. எல்லையை எங்கே போடுவது என்று பேசிய குழுவில் பிரான்சுக்காக உட்கார்ந்தவர்களுள் ஒருவர் பியேர் த மார்க்கா. சமயத் தலைவரும் அறிஞருமான அவர், பழைய ஆவணங்களை எல்லாம் படியெடுத்தார். அவர் 1662-இல் இறந்த பிறகு எத்தியேன் பலூஸ் 1688-இல் அவற்றை 'மார்க்கா இஸ்பானிக்கா' என்ற பெரிய நூலாக வெளியிட்டார். பழைய எல்லைப்பகுதி பிராங்க் அரசர்களுடையது என்று காட்டுவது நூலின் அரசியல் உள்நோக்கம். உள்நோக்கம் எதுவானாலும் அச்சில் வந்த பட்டயங்கள் எல்லோருக்கும் பொதுவாயின. அதற்குப் பிறகு ரிபோல் கதையைப் பட்டயத்தோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதுவது சிரமமாயிற்று.

1730-க்கும் 1745-க்கும் இடையில் பெனடிக்ட் சபைத் துறவிகள் தெவிக்கும் வெசெத்தும் வெளியிட்ட லாங்கதோக் வரலாறு தெளிவான விடையைத் தந்தது. கிஃப்ரேயின் தகப்பன் அர்ரியா ஊர் கிஃப்ரே அல்ல, சுனிஃப்ரெட். 834-ஐ ஒட்டி உர்ஜெல், செர்தான்யாவிலும், 844 முதல் பார்சலோனா, நார்போன் முதலிய இடங்களிலும் பிராங்க் அரசர்களுக்காக ஆண்ட கோமகன். அவர் மனைவி எர்மெசெண்டா. கொன்ஃப்ளெண்டின் பிராதா என்ற ஊர் அரச கொடையாக சுனிஃப்ரெட்டுக்கு வந்து, பின்பு அவர் குடும்பத்தின் வழியே கார்கசோனுக்குத் தென்கிழக்கே உள்ள லா கிராஸ் மடத்துக்குப் போனது. அந்தக் கொடை தொடர்பான ஆவணங்கள்தான் இந்த உறவுக்கு ஆதாரம். பிராதாவும் ரியாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதை வாசகர் கவனிக்கலாம். ரிபோல் துறவிகள் ஊரில் அவ்வளவாகத் தவறவில்லை, பேரில்தான் தவறினார்கள்.

சுனிஃப்ரெட்டின் முடிவும் அந்தக் கதையின் இருண்ட பகுதிக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. 848-இல் பெர்னார்டு என்ற வேறொரு பழைய ஆளுநரின் மகன் கீயோம், எம்பூரியெஸையும் பார்சலோனாவையும் பலத்தால் அல்லாமல் தந்திரத்தால் பிடித்தான் என்று செயின்ட் பெர்தின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதன்பிறகு சுனிஃப்ரெட் ஆவணங்களில் தென்படுவதில்லை. அந்தக் கலகத்தில் இறந்திருப்பார் என்பது பரவலான அனுமானம்.

கட்டலோனியாவில் ஆவணமுறைக்கு வலுவூட்டியவர் அரகோன் அரச ஆவணக்காப்பகத்தின் தலைவராக இருந்த புரோஸ்பெரோ த பொஃபரூல். 1836-இல் அவர் வெளியிட்ட 'பார்சலோனா கோமகர்கள்' பற்றிய இரண்டு தொகுதிகள் கதைகளுக்குப் பதில் தோல்சுருள்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றின. தகப்பன் சுனிஃப்ரெட் என்பது இன்று ஏறக்குறைய முடிந்துபோன வழக்கு.

பெல்லோவா, பொரெல்லா?

பாட்டன் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே இரண்டு கட்சிகள்.

ராமோன் த அபதால், 20-ஆம் நூற்றாண்டின் முன்னணிக் கட்டலான் வரலாற்றாசிரியர், 1958-இல் வெளியிட்ட 'முதல் கட்டலான் கோமகர்கள்' நூலின் வழியே ஒரு பார்வையை நிலைநிறுத்தினார். சுனிஃப்ரெட்டும் எம்பூரியெஸ் கோமகன் சுன்யேரும், சார்லமேன் காலத்தில் கார்கசோனை ஆண்ட பெல்லோவின் பிள்ளைகள் என்பது அது. கார்கசோன் கோமகர் குடும்பத்துக்கும் பார்சலோனாக் குடும்பத்துக்கும் லா கிராஸ் மடத்தோடு இருந்த நெருக்கம், ஒலிபா போன்ற பெயர்கள் இரு வீட்டிலும் திரும்பத் திரும்ப வருவது, இரு பகுதிகளிலும் ஒரே குழு அதிகாரத்துக்கு வந்த காலப்பொருத்தம் ஆகியவை இதன் தூண்கள். ஒரு பெரிய கோத்தர் குடும்பம் பைரனீஸின் இரு பக்கமும் கிளைவிட்டது என்ற சித்திரம் இதில் அழகாகக் கிடைக்கிறது. பாடப்புத்தகங்களில் இது வேரூன்றியதற்கு அந்த அழகும் ஒரு காரணம்.

மறு கட்சி ரூசியோன் வரலாற்றாசிரியர் பியேர் பொன்சிக் பெயரோடு சேர்ந்தது. 798-இல், அக்விதானியாவின் அரசராக இருந்த லூயி, ஓசோனா, கார்தோனா முதலிய பாழடைந்த கோட்டைகளைத் திரும்பக் கட்டிக் காக்கும் பொறுப்பை பொரெல் என்ற கோமகனிடம் ஒப்படைத்தார். சுனிஃப்ரெட் அந்த பொரெலின் மகனாகவே இருக்கலாம், பெல்லோவின் உறவு பெண்வழியாக வந்திருக்கலாம் என்பது இவர்கள் வாதம். கிஃப்ரேயின் மூத்த மகன் பெயரே 'கிஃப்ரே, பொரெல் என்றும் அழைக்கப்படுபவர்'. சுனிஃப்ரெட்டின் பேரனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இவர்களின் கூர்மையான கேள்வி. பெல்லோ மகன் கட்சியால் இதற்கு வசதியான பதில் சொல்ல முடிவதில்லை.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம், இரண்டும் பெயர்களை நம்பி நிற்பது. சுனிஃப்ரெட்டை பெல்லோவின் மகன் என்றோ பொரெலின் மகன் என்றோ நேராகச் சொல்லும் அக்கால ஆவணம் கைவசம் இல்லை. உயர்குடியினர் முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்பது சரியே. ஆனால் அந்த முன்னோர் தாய்வழியிலும் இருக்கலாம், ஞானத்தகப்பனாகவும் இருக்கலாம், பதவியில் முன்பிருந்த ஒரு பெரியவரின் பெயரைக் கௌரவத்துக்காக எடுத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். மீரோ, சுன்யேர், ஒலிபா, சுனிஃப்ரெட், பொரெல் என்ற ஐந்தாறு பெயர்களே கட்டலோனியா முழுக்க மூன்று தலைமுறை சுற்றிவரும்போது, பெயரை வைத்து வம்சமரம் வரைவது ஒரே முத்திரையுள்ள இரண்டு காசுகளை ஒரே பையிலிருந்து வந்தவை என்பதைப் போலத்தான். பெல்லோவின் உறவைப் பெண்வழியில் வைக்கும் இந்த மருமகன் வழிச் சமரசம் இரு கட்சியின் சான்றுகளையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்துகிறது; அதனாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கோத்தரா, பிராங்கரா?

இந்தப் பாட்டன் தேடலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கட்டலோனியாவின் முதல் வம்சம் மண்ணின் பிள்ளைகளா, வந்தேறிகளா? 9-ஆம் நூற்றாண்டின் பதவிச் சண்டைகளை உள்ளூர் கோத்தர்களுக்கும் வடக்கிலிருந்து வந்த பிராங்கர்களுக்கும் இடையிலான போட்டியாகப் படிப்பது நீண்டகால வழக்கம். சுனிஃப்ரெட் கோத்தர் பக்கம், பெர்னார்டும் கீயோமும் பிராங்கர் பக்கம், சாலமோன் பிராங்கராக இருக்கலாம் என்று அட்டவணை போடுவார்கள். ஜோசெப் மரியா சால்ராக் 1978-இல் வெளியிட்ட கட்டலோனியாவின் உருவாக்கம் பற்றிய ஆய்வு, 8, 9-ஆம் நூற்றாண்டுகளை விரிவாக எடுத்துக்கொண்டு இந்தப் போட்டிகளைச் சமூகப் பின்னணியோடு சேர்த்துப் பார்த்தது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி முடிந்த பின் 'நாடு உருவான விதம்' என்ற கேள்வி சூடாக இருந்த நேரம் அது.

இந்த வாசிப்பு சில நிகழ்வுகளை விளக்கும், எல்லாவற்றையும் விளக்காது. கலகக்காரர்களாக இருந்த கோத்தர்களும் உண்டு, அரசருக்கு விசுவாசமான பிராங்கர்களும் உண்டு, இரண்டு பக்கத்திலும் கலப்பு மணங்கள் உண்டு. கிஃப்ரேயே 878-இல் உயர்ந்தது கலகம் செய்ததால் அல்ல. பிராங்க் அரசருக்குப் பக்கத்தில் நின்றதால். இனத்தை விடப் பதவியும் சொத்தும் யார் கையில் என்பதே அந்தச் சண்டைகளில் கூடுதல் எடை பெற்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கினிதில்டா யார் வீட்டுப் பெண்?

ரிபோல் கதையின் ஃபிளாண்டர்ஸ் இளவரசி வாசகர்களைக் கவர்ந்த அளவுக்கு ஆவணத்தைக் கவரவில்லை. கிஃப்ரேயின் மனைவி கினிதில்டா என்பது உறுதி. முதல் ஃபிளாண்டர்ஸ் கோமகன் பால்துயினின் மகள் என்றால், அவள் தாய் பிராங்க் அரசர் சார்லஸ் வழுக்கைத்தலையரின் மகள் ஜூதித் ஆக வேண்டும். அப்போது பார்சலோனா வம்சத்தில் சார்லமேனின் ரத்தம் ஓடும். இந்தக் கதையின் விருப்பம் எங்கே இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் ஜூதித் பால்துயினோடு ஓடிப்போனதே 862-ஐ ஒட்டித்தான். அவர்களுக்கு அதன்பின் பிறந்த ஒரு மகள், 880-களில் மடங்களுக்குப் பிள்ளைகளை ஒப்படைக்கும் நிலையில் இருந்த, வரிசையாகப் பிள்ளை பெற்ற தாயாக இருப்பது கணக்குக்கு மிகவும் இறுக்கம். இந்தக் கணக்கு பார்த்த பிறகு பெரும்பாலான ஆய்வாளர்கள் உள்ளூர் வீட்டையே, குறிப்பாக எம்பூரியெஸ் பக்கத்தையே, தேடினார்கள். கட்டலான் கோமகர்களின் திருமணங்களை 1995-இல் ஒரு பெரிய நூலாக ஆராய்ந்த மார்த்தின் ஆரெல் உட்படப் பலர் காட்டியபடி, இந்த முதல் தலைமுறைகள் தூரத்து அரசவம்சங்களோடு அல்லாமல் பக்கத்துக் குடும்பங்களோடேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. கினிதில்டா அந்தப் பழக்கத்துக்கு விதிவிலக்கு என்று நம்ப வலுவான காரணம் இல்லை.

ரத்தம் தோய்ந்த நான்கு விரல்கள்

கட்டலோனியாக் கொடியின் நான்கு சிவப்புப் பட்டைகளை கிஃப்ரேயின் காயத்தில் விரல் தோய்த்துப் பேரரசர் கேடயத்தில் இழுத்தார் என்ற கதையைத் தகப்பன் விவாதத்தோடு சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதை அச்சில் பரப்பியவர் வலென்சியாவின் பெரே அந்தோனி பெயூத்தெர், 1551-இல். பிற்கால வடிவங்களில் பேரரசர் சார்லஸ் வழுக்கைத்தலையர். அவர் 877-இல் இறந்தார், கிஃப்ரே பார்சலோனாவுக்கு வந்ததோ 878-இல். மேலும் கேடயச் சின்னம் என்ற வழக்கமே ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. ஜொஆன் சான்ஸ் இ த பருதெல் 1812-இலேயே இதை மறுத்துவிட்டார். மறுத்த பிறகும் 19-ஆம் நூற்றாண்டின் கட்டலான் மறுமலர்ச்சிக் கவிஞர்களும் ஓவியர்களும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வரலாறாக அது செத்தது. சின்னமாக நன்றாக உயிர்வாழ்கிறது.

எம்மாவின் வழக்கு

தகப்பன், பாட்டன், மனைவி என்று மேலே மேலே போகும் தேடலுக்கு மாறாக, கீழே பிள்ளைகள் பக்கம் பார்த்தால் ஆவணங்கள் கையை நிறைக்கின்றன. அவற்றுள் ஒன்று கிஃப்ரேயைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்றையே அசைத்தது.

கிஃப்ரே தன் மகள் எம்மாவைச் சிறு பிள்ளையாக இருக்கும்போதே சந்த் ஜுவான் மடத்துக்கு ஒப்படைத்தார். மடத்தின் கோயில் 887-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. மறு ஆண்டு ரிபோல் கோயில் நேர்ந்தளிக்கப்பட்டபோது மகன் ரதுல்ஃபைத் துறவியாகக் கொடுத்தார். ரதுல்ஃப் பின்னாளில் உர்ஜெல் ஆயர் ஆனார். எம்மாவோ மடத்தலைவியாகி 942 வரை அந்தப் பள்ளத்தாக்கை ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். நிலங்களை விலைக்கு வாங்கினார், எளிய சார்லஸ் அரசரிடமிருந்து 899-இல் உரிமைப் பட்டயம் பெற்றார், அண்ணன்தம்பிகளோடு எல்லை விஷயத்தில் மல்லுக்கு நின்றார்.

913-இல் நடந்த ஒரு விசாரணையின் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. சந்த் ஜுவான் பள்ளத்தாக்கின் பல சிற்றூர்களிலிருந்து ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 500 பேர் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் பெயர்கள் ஊர்வாரியாக எழுதப்பட்டன. முதல் ஆயிரமாண்டின் ஐரோப்பாவில் சாதாரண உழவர்களின் பெயரை இப்படிக் கும்பலாகத் தரும் ஆவணம் அபூர்வம். இந்த நிலமெல்லாம் ஆளில்லாமல் கிடந்தது, எம்மாவின் தகப்பன் கிஃப்ரே தம் ஆட்களோடு வந்து எடுத்து, இவர்களைக் குடியேற்றி, பின்பு மடத்துக்குத் தந்தார் என்பது அவர்கள் வாக்குமூலத்தின் சாரம். நீண்டகாலம் இது கிஃப்ரே 'மறுகுடியேற்றம்' செய்தார் என்பதற்கு நேர்ச்சான்றாகவே படிக்கப்பட்டது.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஜோனதன் ஜாரெட் 2003-இல் எழுதிய கட்டுரை இதைத் தலைகீழாகத் திருப்பியது. ஆளில்லாத நிலம் என்ற சொல் உண்மையில் எம்மாவுக்கு வேண்டிய சொல் என்கிறார் அவர். நிலம் ஆளில்லாமல் இருந்திருந்தால் அங்கே குடியேறியவர்களின் உரிமை கிஃப்ரேயிடமிருந்தே பிறக்கிறது. அந்த உரிமை மடத்துக்கும் கோமகனுக்கும் இடையே யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர் எம்மா. உண்மையில் அந்தப் பள்ளத்தாக்கில் முன்பே மக்கள் இருந்தார்கள் என்று நினைக்கக் காரணம் உண்டு. சாட்சியம் என்ற பெயரில் ஊருக்கே ஒரு புதிய தொடக்கக் கதை எழுதப்பட்டது என்பது அவர் வாதம். சந்த் ஜுவான் மடத்தின் ஆரம்பப் பட்டயங்களில் பின்னால் சேர்த்த வரிகள் உண்டு என்று ஆவண அறிஞர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வாசிப்பை முழுக்க ஏற்க வேண்டுமா என்பது வேறு. ஓசோனா சமவெளியின் பல பகுதிகள் 9-ஆம் நூற்றாண்டின் போர்களில் அடிபட்டது உண்மை. அகழாய்வுகளும் நிலப்பெயர்களும் இடத்துக்கு இடம் வேறு கதை சொல்லும். ஆனால் ஒன்று உறுதியாகிறது. ரிபோல் துறவிகளுக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே, கிஃப்ரேயின் மகளே அவரைப் பற்றிய முதல் நிறுவனர் கதையை நீதிமன்றத்தில் வடிவமைத்திருக்கிறார். தகப்பனைக் கதையாக்கிய முதல் ஆள் அவருடைய மகள்தான்.

பாகப்பிரிவினையா, கூட்டாட்சியா?

897-இல் கிஃப்ரே இறந்தபோது மூத்தவர் கிஃப்ரே பொரெல் பார்சலோனா, ஜிரோனா, ஓசோனாவை எடுத்தார். மீரோவுக்கு செர்தான்யா, சுனிஃப்ரெட்டுக்கு உர்ஜெல். கடைசித் தம்பி சுன்யேர் 911-இல் அண்ணன் இறந்ததும் பார்சலோனாவுக்கு வந்து 947 வரை ஆண்டார். கிஃப்ரே பொரெலுக்கு மகள் இருந்தும் பதவி தம்பிக்குப் போனது கவனிக்கத்தக்கது. பார்சலோனா சந்த் பாவ் தெல் காம்ப் கோயிலில் உள்ள கிஃப்ரே பொரெலின் கல்லறைக் கல் அவரை கிஃப்ரேயின் மகன் என்று சொல்கிறது. அவ்வளவு பழைய கோமகக் கல்வெட்டு அங்கே வேறு இல்லை.

அபதால் இதை முழுப் பிரிவினையாகப் பார்க்கவில்லை. சகோதரர்கள் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் பங்கு, ஆளுக்கு ஆள் பொறுப்பு என்ற கூட்டு உரிமை அது என்றார். பிற்காலத்தவரில் பலருக்கு இந்தச் சொல் அதிக நவீனமாகப் பட்டது. அரசர் நியமித்த பதவிகளைக் குடும்பச் சொத்தாகப் பங்கிடுவதில் அப்போது யாருக்கும் முன்னுதாரணம் இல்லை. நடந்தது ஒரு கோட்பாடு அல்ல, சூழ்நிலைக்கேற்ற ஏற்பாடு என்பது அவர்கள் கருத்து. இதில் பின்னவர்கள் பக்கம் சான்று கூடுதலாகச் சாய்கிறது. கூட்டு உரிமை உண்மையானால் 913-இல் எம்மாவுக்கும் சகோதரர்களுக்கும் அவ்வளவு பெரிய விசாரணை தேவைப்பட்டிருக்காது.

இங்கே 'சுதந்திரம்' என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கிஃப்ரே எந்த இடத்திலும் தன்னை அரசர் அதிகாரத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. அரசர் நியமித்த கடைசிப் பார்சலோனா கோமகன் அவர் என்பதே துல்லியமான வரி. அவருக்குப் பின் பிள்ளைகள் வந்தார்கள், மேலே அரசர்கள் பலவீனப்பட்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. 985-இல் முஸ்லிம் படைத்தலைவர் அல்மன்சூர் பார்சலோனாவைச் சூறையாடியபோது உதவி வராததும், 988-ஐ ஒட்டிப் பார்சலோனா கோமகன் இரண்டாம் பொரெல் பிரான்சின் புதிய அரசர் ஊக் கபேயிடம் போகாததும் இன்னொரு கட்டம். பிரெஞ்சு அரசரின் மேலுரிமைக்குச் சட்டப்படி முடிவு 1258-இல் கோர்பெய் உடன்படிக்கையில்தான். கட்டலோனியா தன் ஆயிரமாண்டு விழாவை 1988-இல் பொரெலின் பெயரில் கொண்டாடியதே தவிர கிஃப்ரேயின் பெயரில் அல்ல.

இன்றைய நிலை

தகப்பன் சுனிஃப்ரெட், தாய் எர்மெசெண்டா: இது நிற்கிறது. அர்ரியா ஊர் கிஃப்ரே, தாடிச் சண்டை, ஃபிளாண்டர்ஸ் காதல் ஆகியவை 12-ஆம் நூற்றாண்டின் அரசியலைப் படிக்க நல்ல சான்றுகள். 9-ஆம் நூற்றாண்டுக்குச் சான்றுகள் அல்ல. கினிதில்டாவின் பிறந்தகம் பைரனீஸுக்கு அருகில் என்பது வரை சொல்லலாம். எந்த வீடு என்று முடிக்க இயலாது. ஓசோனாவின் 'ஆளில்லா நிலம்' ஊர் ஊராக ஆராய வேண்டிய கேள்வியாகவே இருக்கிறது. 913-இன் பெயர்ப்பட்டியலை அகழாய்வுகளோடு ஒட்டிப் படிக்கும் வேலையில் இன்னும் இடம் உண்டு. பெல்லோவா பொரெலா என்பதில், மருமகன் வழிச் சமரசம் உட்பட, ஒரு கட்சிக்கும் தீர்ப்பு எழுத இன்றைய ஆவணங்கள் போதாது. புதிய பட்டயம் ஒன்று கிடைக்கும் வரை, அச்சில் வரும் கட்டலான் வம்ச அட்டவணைகளில் சுனிஃப்ரெட்டின் பெயருக்கு மேலே ஏறும் கோடு புள்ளிக்கோடாகத்தான் இருக்க வேண்டும்.